நீலகேசரிக்கு ஒரு ஷீல்டு

ஷீல்டு கடை வைத்திருப்பவன் தகட்டில் எழுத்துப் பிழை மட்டும்தான் பார்க்க வேண்டும்; அர்த்தம் பார்த்தால் என் கதிதான். பள்ளிக்கூடக் கோப்பைகளோடு நிம்மதியாகப் பிழைக்கும் சகோதரக் கடைக்காரர்களே, கப்பல்காரர்கள் ஆர்டரை யோசித்து எடுங்கள்.

எந்தக் கப்பல்?

சிதம்பரம் பிள்ளை கடற்படையில் ஓய்வு பெற்றவர். தம்பானூரில் என் கடைக்கு வந்து, 'நீலகேசரி' கப்பல் படத்தோடு ஒரு ஷீல்டு கேட்டார். படத்துக்குக் கீழே, சண்டையில் இறந்த அவருடைய கூட்டாளிகள் பெயர். இணையத்தில் படம் எடுத்துக் காட்டினேன். அது வேறு கப்பலாம். அவருடையதை உடைத்து இரும்புக்குப் போட்டாயிற்றாம். அதே பெயரைப் புதுக் கப்பலுக்கு வைத்தார்களாம், அதுதான் கடற்படை வழக்கமாம். ஷீல்டு யாருக்கு? புதுக் கப்பலுக்கு. படம்? பழைய கப்பல். எனக்குத் தலை சுற்றியது.

"அங்க உள்ள பயலுவளுக்கு இவங்களத் தெரியாதுடே தம்பி. எனக்கப்புறம் சொல்லதுக்கு ஆளில்ல பாத்துக்கோ."

பிறக்காதவர் ஜெயித்த சண்டை

அதே வாரம் விஷ்ணு என்றொரு இளைஞன் சான்றிதழுக்கு ஃபிரேம் போட வந்தான். லீவில் பக்கத்து ஊரான கழக்கூட்டத்தில் அக்கா வீட்டுக்கு வந்திருக்கிறான். வேலை, அந்தப் புது நீலகேசரியில். பிள்ளை கொடுத்துவிட்டுப் போன பழைய கப்பலின் படம் மேஜையில் கிடந்தது. அதைப் பார்த்ததும், "எங்க கப்பல்! இதுலதான் நாங்க சண்டையில ஜெயிச்சோம்" என்றான். வயது இருபத்தாறு. அந்தச் சண்டையின்போது அவன் அப்பாவுக்கே மீசை முளைத்திருக்காது. நீ எங்கேயப்பா இருந்தாய் என்றேன்.

"ஆளு மாறும் அண்ணாச்சி, கப்பல் மாறாதல்லே?"

மாறியதே கப்பல்தானே ஐயா!

நான் செய்த திருத்தம்

பிள்ளையின் பட்டியலில் நான்கு பெயர். அதில் தாமஸ் இரண்டு தடவை. வயதானவர், கை தவறி எழுதிவிட்டார் என்று ஒன்றை எடுத்துவிட்டேன். மூன்று பெயர் தகட்டில் நடுவாக, அழகாக உட்கார்ந்தது. எழுத்து வெட்டும் சுதாகரனுக்குத்தான் மனசு ஒப்பவில்லை.

"பட்டாளக்காரங்க காரியமாக்கும் அண்ணாச்சி. ஒரு தடவ கேட்டுட்டுச் செய்யப்பிடாதா?"

நாலாவது ஆள்

பிள்ளை ஷீல்டு வாங்க வந்தபோது விஷ்ணுவும் ஃபிரேமுக்காக நின்றிருந்தான். அவர் கை நீட்டுமுன் அவன் தகட்டைப் படித்துவிட்டான். "ஒரு தாமஸ் குறையுதே. எஞ்சின் ரூம் தாமஸ், சமையல்கார தாமஸ், ரெண்டு பேராக்கும்." பிள்ளை திகைத்துப்போனார். உனக்கெப்படித் தெரியும் என்று கேட்டார். கப்பலில் சேருகிற அன்றே நான்கு பெயரையும் பார்க்காமல் சொல்ல வேண்டுமாம்; சொல்லாதவனுக்கு முதல் லீவு கிடையாதாம்.

ஒரு தாமஸை எடுத்தது நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். பிள்ளை என்னைத் திட்டவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, விஷ்ணுவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சமையல்கார தாமஸ் மீன்கறிக்கு உப்பு கூடுதலாப் போடுவான். அதையும் சேத்துச் சொல்லணும், கேட்டியா?"

உடைத்துப் போட்ட கப்பல் எப்படி இன்னும் கடலில் ஓடுகிறது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை, புதுத் தகட்டை மட்டும் நான்கு பெயரோடு வாயை மூடிக்கொண்டு வெட்டிக் கொடுத்தேன்.