மூன்று முறை கூப்பிட்டோம்

பெருமுக்கல் வளனுக்கு நாலு வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. உயிர் தப்பியது, காது போய்விட்டது. வீட்டில் அவரைக் கூப்பிட ஒரு வழி வைத்திருந்தார்கள். முதுகில் ஒரு மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, விட்டெறிவார்கள். அவர் திரும்பிப் பார்த்து, விழுந்ததை எடுத்து உரித்து வாயில் போட்டுக்கொண்டே, என்ன என்று தலையை ஆட்டுவார். தங்கை வெனிலாவுக்குக் குறி தப்பவே தப்பாது.

காது கேளாதோர் பள்ளியில், தொண்டையில் கைவைத்து அதிர்வைப் பிடித்துப் பேசக் கற்றுக்கொடுத்தார்கள். கற்றுக்கொண்டவர் ஒருநாள் பேருந்தில் டிக்கெட் கேட்க வாயைத் திறந்தார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு கேட்டால்தானா தெரியும்? அன்றோடு குரலை மூட்டை கட்டி வைத்துவிட்டார். தாளும் பேனாவும் போதும் என்று இருந்துவிட்டார்.

பத்தாவது தேறியதும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தார். 1993இல் விழுப்புரம் தனி மாவட்டமானபோது அந்தப் பதிவும் கடலூரிலிருந்து அங்கே வந்தது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை, மழையோ வெயிலோ, போய்ப் புதுப்பித்துவிடுவார். திண்டிவனத்தில் ஓர் அச்சகத்தில் தாள் வெட்டிக்கொண்டிருந்தார். முதலாளி நல்லவர்தான். ஆனால் வருகிறவர்களிடமெல்லாம், பாவம் என்று சேர்த்துக்கொண்டேன் என்பார். அந்தப் பாவம் என்ற சொல் உதட்டில் எப்படி இருக்கும் என்பது வளனுக்கு மனப்பாடம். அரசு வேலை கிடைத்தால் அந்தச் சொல்லிலிருந்து தப்பிக்கலாம் என்று நம்பினார்.

1998இல் கடிதம் வந்தது. ஊனமுற்றோர் ஒதுக்கீட்டில், காது கேளாதவருக்கென்றே ஒதுக்கிய ஒரு அலுவலக உதவியாளர் இடம். விழுப்புரத்தில் நேர்முகத் தேர்வு. எந்தத் துறை என்பது இப்போது வேண்டாம். வெனிலா கூட வந்தாள். ஜன்னலோரம் நின்றுகொண்டு, பெயர் கூப்பிட்டதும் அண்ணன் முதுகில் எறிய ஒரு பை மல்லாட்டையும் கொண்டுவந்திருந்தாள். வாசலில் காவலாளி அவளை மடக்கினார்.

"எங்க அண்ணனுக்குக் காது கேக்காதுங்க. பேரு கூப்ட்டா நான்தான் சொல்லணும்."

கூட வந்தவர்கள் மதில் சுவருக்கு வெளியேதான் நிற்க வேண்டும், அதுதான் விதி என்றார் அவர். விதி என்றால் விதி. யாரைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று அந்த விதிக்குத் தெரியாது.

வளன் பெஞ்சில் உட்கார்ந்து, கதவருகே நின்ற ஊழியரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊழியர் சில பெயர்களை இந்தப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டார், சிலவற்றை வராந்தாவைப் பார்த்து. ஓரளவு காது கேட்டவர்கள் எழுந்து போனார்கள். மதியம் பெஞ்சு காலியான பிறகுதான் தன் பெயரைத் தவறவிட்டது வளனுக்குப் புரிந்தது. உள்ளே ஓடிக் கடிதத்தை நீட்டினார். அதிகாரி ஒரு தாளில் எழுதிக் காட்டினார்: 'மூன்று முறை கூப்பிட்டோம். வரவில்லை.'

வளன் அதன் கீழே எழுதினார்: 'எனக்குக் காது கேட்காது. அதனால்தான் என்னை வரச் சொன்னீர்கள்.'

அதிகாரி படித்துவிட்டு, பட்டியல் கையெழுத்தாகிவிட்டது என்று கையை விரித்தார். வளன் அந்தத் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். வெனிலா ரயிலில் அழுதுகொண்டே வந்தாள். அந்த மல்லாட்டையை இருவரும் தொடவில்லை.

அப்புறம் பன்னிரண்டு வருடம் அச்சகம்தான். ஊனமுற்றோர் மாற்றுத்திறனாளிகள் ஆனார்கள். பெயரை மாற்றியவர்கள் கூப்பிடும் முறையை மாற்றவில்லை. ஆனாலும் வளன் பதிவைப் புதுப்பிப்பதை நிறுத்தவில்லை. 2010இல், வயதுத் தளர்வு இருந்ததால், வேறொரு துறையில் விழுப்புரத்திலேயே அலுவலக உதவியாளர் வேலை கிடைத்தது. திண்டிவனத்திலிருந்து தினமும் ரயிலில் போய் வந்தார். சட்டைப்பையில் அடையாள அட்டையோடு அந்தப் பழைய தாளும் இருந்தது.

மறு வருடம் அந்த அலுவலகத்திலேயே மாற்றுத்திறனாளிகளுக்கு ஓர் இடத்துக்கு நேர்முகத் தேர்வு வந்தது. கதவருகே நிற்கும் வேலையை வளன் தானாகவே கேட்டு வாங்கினார். தனக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது. இரண்டு நாள் உட்கார்ந்து, பதினெட்டுப் பேரின் பெயரையும் அட்டைகளில் கொட்டை எழுத்தில் எழுதினார். மேலாளர் மாசிலாமணி அதைப் பார்த்து முதுகில் தட்டிக்கொடுத்தார்.

அன்று ஒவ்வோர் அட்டையாகத் தூக்கிப் பிடித்தார். ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். ஒரு பெயருக்கு மட்டும் ஆள் எழவில்லை. அம்சா, திருவெண்ணெய்நல்லூர். மூன்று முறை உயர்த்திக் காட்டினார். பட்டியலில் 'வரவில்லை' என்று தன் கையாலேயே எழுதி உள்ளே அனுப்பினார்.

மதியம் கூடத்தைப் பூட்டப் போனபோது கடைசிப் பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். யாருக்கோ துணையாக வந்தவள் என்று காலையிலிருந்தே நினைத்திருந்தார். உண்மையில் அவளுக்குத் துணையாக வந்த தம்பி ஜெராக்ஸ் எடுக்கப் போய், கரண்ட் போனதால் கடையிலேயே மாட்டிக்கொண்டிருந்தான். அவள் காதைக் கதவுப் பக்கம் சாய்த்தபடி அசையாமல் இருந்தாள். மடியில் மடக்கிய வெள்ளைக் கோல் இருந்தது.

வளன் பதின்மூன்று வருடம் யாரைச் சபித்தாரோ, அந்த ஊழியரின் இடத்தில் இப்போது அவரே நின்றார்.

உள்ளே அதிகாரிகள் சாப்பிட எழுந்துகொண்டிருந்தார்கள். பழைய தாளை மேசைமேல் விரித்து, இரண்டு வரிகளுக்கும் கீழே மூன்றாவதாக எழுதினார்: 'இன்று இதை நான் செய்துவிட்டேன். அம்சாவுக்குக் கண் தெரியாது.' மாசிலாமணி படித்துப் பெரிய அதிகாரியிடம் நீட்டினார். அவர் படித்து முடித்து, மறுபடி உட்கார்ந்து, பட்டியலில் இருந்த 'வரவில்லை' என்பதை அடித்தார். கூப்பிடச் சொல்லிக் கதவைக் காட்டினார்.

மாசிலாமணி கிளம்பினார். வளன் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். கதவருகே போய்த் தன் தொண்டையில் கையை வைத்தார். அந்தக் குரல் எப்படி வருமோ, யார் சிரிப்பார்களோ, அவருக்குத் தெரியாது. விரல்களுக்கு அதிர்வு எட்டும்வரை அடிவயிற்றிலிருந்து இழுத்து, "அம்சா" என்று கூப்பிட்டார்.

"வர்றேங்க" என்றாளாம் அவள். மாசிலாமணி பிறகு எழுதிக் காட்டித்தான் வளனுக்கு அது தெரியும். அவள் கோலை விரித்துக்கொண்டு எழுந்ததை அவரே பார்த்தார்.