வீக்கத்தை மெச்சிய நாள்

அவள் கல்யாண மோதிரத்தைக் கழற்றிக் கறுப்பு நூலில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தாள். "விரலுக்கு இறுக்குது மிஸ்" என்றாள். எட்டாம் மாதம். முகமும் உருண்டு மினுங்கியது. பதினாறு வருடம் மருத்துவிச்சியாக வேலை செய்த நான் அந்த விரலைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன் என்பதை இன்று எழுதவே கூசுகிறது.

யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. யுத்தத்தில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு எங்கள் ஊர் முகாம்களுக்கு வந்த முஸ்லிம்களில் சிலர் ஊர் திரும்பிவிட்டார்கள். அவள் குடும்பம் கற்பிட்டி வீதி முகாமிலேயே தங்கிவிட்டது. புருஷன் உப்பளத்தில் கூலி. நான் புத்தளத்துக்காரி. கர்ப்பிணிக்குக் கொடுக்கும் சத்துமாவை முகாம் வீடுகளில் எல்லோரும் சேர்ந்து தின்றுவிடுவார்கள் என்று எங்கள் பக்கம் ஒரு கதை உண்டு. நானும் அதை நம்பினேன். முந்தைய மாதம் நாடாவை வைத்து அளந்தபோது அவள் வயிறு கர்ப்ப வாரக் கணக்குக்குப் பின்தங்கியிருந்தது. பிள்ளை ஏன் வளரவில்லை என்று நான் யோசிக்கவே இல்லை. வரிசையில் நின்ற பெண்கள் முன்னால், "சத்துமாவ ஆருக்குக் குடுக்கிறாய்? வயித்துப் புள்ளயப் பட்டினி போடுறியா?" என்று ஏசினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "இனிச் சாப்பிடுறேன் மிஸ்" என்றாள்.

அதனால்தான் இந்த மாதம் தராசு நாலு கிலோ கூட்டிக் காட்டியபோது என் ஏச்சு பலித்துவிட்டது என்று பூரித்துப் போனேன். "இப்பதான் புள்ளத்தாச்சி மாதிரி இரிக்கிறாய்" என்று மெச்சினேன். நாடா மட்டும் ஒத்துவரவில்லை; வயிறு போன மாத அளவிலேயே நின்றது. தராசை நம்பிய நான், நாடாவைக் கொஞ்சம் தளர்த்திப் பிடித்து இரண்டு சென்ரிமீற்றர் கூட்டி எழுதினேன். டொக்டர் அன்று ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார். பிரஷர் பார்ப்பது அவர் வேலை; அன்று பார்க்க ஆளில்லை. விரலும் முகமும் வீங்கியிருந்தவளை அப்போதே ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்க வேண்டும். அடுத்த கிளினிக்குக்கு வரச் சொன்னேன்.

அவளுக்கு ஏறியது சதை அல்ல, நீர். பிரஷர் ஏறி, நச்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகும் இரத்தம் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. அவள் எவ்வளவு சாப்பிட்டிருந்தாலும் அது பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்திராது. ஒன்பதாம் நாள் வலிப்பு வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவள் தப்பினாள். பெண் பிள்ளை வயிற்றிலேயே மௌத்தாகிவிட்டது.

பார்க்கப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "மூத்தவனுக்குச் சத்துமா ரெண்டு கரண்டி குடுத்தது உண்மதான் மிஸ்" என்று அழுதாள். "அல்லாஹ்ட நாட்டம் மகள்" என்றேன். என் பிழையை அல்லாஹ்வின் மேல் சாட்டிவிட்டு பஸ் ஏறினேன்.

இரண்டு வருடம் கழித்து மறுபடியும் கர்ப்பிணியாகக் கிளினிக்குக்கு வந்தாள். அன்று ஒரு பெண் சத்துமா வேண்டாம் என்று எழும்பிப் போகப் பார்த்தாள். இவள் அவளைக் கைப்பிடித்து உட்கார வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "நான் ஒழுங்காத் திங்காமத்தான் என்ட புள்ள மவுத்தாப் போச்சி ராத்தா. மிஸ் அப்பவே சொன்னாங்க, நான் கேக்கல்ல. நீங்களாவது கேளுங்க."

வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த அத்தனை பெண்களும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஓம்" என்று தலையாட்டினேன்.