நூற்றறுபது இடது கைகள்

நேர்கோடு அக்காவைத் தூங்குமூஞ்சி என்று சொன்னவர்கள் ஒருவர் இருவர் அல்ல. அதில் முதல் ஆள் நான்தான், மறைக்கப் போவதில்லை. ஆனால் இன்றைக்கு யாராவது என் காதுபட அப்படிச் சொல்லிப் பார்க்கட்டும், அப்புறம் தெரியும் சேதி.

பள்ளிச் சீருடை தைக்கும் கம்பெனி எங்களுடையது. நீள மேசையில் துணியை அடுக்கடுக்காக விரிப்பது என் வேலை. எண்பது அடுக்கு சேர்ந்ததும், மேலே சட்டையின் ஒவ்வொரு பாகத்துக்குமான அளவு அட்டைகளை வைத்துக் கோடு போட்டு, மின்சாரக் கத்தியால் மொத்தமாக அறுப்பது அக்காவின் வேலை. கோடு மயிரிழை பிசகாது, அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். பெண்களுக்குக் கத்தி சரிப்படாது என்று ஒன்பது வருஷம் அவளைப் பட்டன் தைக்க வைத்திருந்தார்கள். வாய்ச்சண்டை போட்டு வாங்கிய கத்தி அது. இன்றுவரை எங்கள் கம்பெனியில் கத்தி பிடிக்கிற பெண் அவள் ஒருத்திதான்.

காலையில் அவள் நிற்கிற நிற்பைப் பார்க்க வேண்டும். மதியம் சாப்பிட்டு அரை மணி நேரம் போனால் வேறு ஆள். கண் சொருகும். வாய் உலர்ந்துபோய்த் தண்ணீர் தண்ணீர் என்று குடிப்பாள், உடனே கழிப்பறைக்கு ஓடுவாள். திரும்பி வந்தால் துணி உருளைமேல் தலை சாய்ந்துவிடும். "என்னக்கா, உண்ட மயக்கமா? பாய் கொண்டு வரவா?" என்று நான் கேட்பேன், எல்லாரும் சிரிப்பார்கள். "தூக்கம் இல்லடி. யாரோ உள்ளேர்ந்து ஸ்விட்சை அணைச்ச மாதிரி இருக்கு" என்பாள். நான் நம்பவில்லை. எனக்கு அப்போது புத்தி எங்கே போயிருந்ததோ!

சட்டைக்கு வலது கை, இடது கை இரண்டும் வேண்டும். ஆனால் அட்டை ஒன்றுதான். ஒரு முறை அப்படியே வைத்துக் கோடு போடவேண்டும், அடுத்த முறை திருப்பி வைத்துக் கோடு போடவேண்டும். சட்டை வெட்டுகிற யாரும் மறக்காத விஷயம் அது. அன்று மதியம் அக்கா மறந்தாள். திருப்பாமலே இரண்டு முறையும் கோடு போட்டு, அறுத்தும் விட்டாள். எண்பது அடுக்கில் நூற்றறுபது கை, அத்தனையும் இடது கை. அந்த மயக்கத்தில் அவள் விரல் தப்பியதே பெரிய விஷயம்.

மேனேஜர் அந்தக் கைத்துண்டுகளில் ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். "ஏம்மா, ரெண்டு பக்கமும் இடது கை வெச்ச பிள்ளைங்க எந்த ஸ்கூல்ல படிக்குது?"

"தப்புதான் சார். என் தப்பு" என்றாள் அக்கா.

அதோடு விட்டாரா மனுஷன்? மறுநாள் ஒரு காகிதத்தைத் தட்டச்சு செய்தே கொண்டு வந்துவிட்டார். உடல்நிலை காரணமாக நானே விரும்பி நூல் நறுக்கும் பிரிவுக்குப் போகிறேன், இனிக் கத்தி கேட்கமாட்டேன் என்று இருந்தது. அக்கா படித்துவிட்டு மடித்து நீட்டினாள். "நானே விரும்பிங்கறது பொய் சார். பொய்யில கையெழுத்துப் போடமாட்டேன்."

"மாசக் கடைசி வரைக்கும் டைம். அதுக்கப்புறம் நானே மாத்திடுவேன்."

வீட்டில் அவள் கணவர், "போதும் விடு, வயசாச்சு, உட்கார்ந்து நூல் நறுக்கு" என்றாராம். "உங்களுக்கு வயசானா நீங்க உட்காருங்க" என்று இவள் சொன்னாளாம். எனக்கு அதைக் கேட்கக் கேட்க மனசு குளிர்ந்தது.

அவளுக்குச் சர்க்கரை வியாதி ஆறு வருஷமாக உண்டு. ஆனால் பரிசோதனைச் சீட்டெல்லாம் பத்தரைமாற்றுத் தங்கம். இந்தத் தடவை நான் துணைக்குப் போயிருந்தேன், டாக்டரம்மா சீட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார், "டெஸ்டுக்கு முந்தின நாள் என்ன சாப்பிடுவீங்க?"

அக்கா என்னைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். "ரெண்டு நாளைக்கு அரை வயிறுதான். நம்பர் நல்லா வரணுமில்ல?"

"யாரை ஏமாத்தறீங்க? என்னையா, உங்களையா? எப்பவும் வெறும் வயித்துல மட்டும்தானே பார்த்திருக்கீங்க? இன்னிக்கு வழக்கம்போலச் சாப்பிடுங்க, ரெண்டு மணி நேரம் கழிச்சு வாங்க."

எதிர்க்கடையில் வழக்கமான அளவு சோறு சாப்பிட்டுவிட்டு வந்தோம். சர்க்கரை முந்நூற்று இருபத்தெட்டு!

"இதுக்குப் பேரு சோம்பேறித்தனம் இல்லம்மா" என்றார் டாக்டர். "சாப்பிட்டது எல்லாம் ரத்தத்துலயே நிக்குது, கை காலுக்குப் போய்ச் சேரலை. அதான் அப்படியே சாயறீங்க."

அக்கா அழுதாள். ஆறு வருஷமாக அவளே தன்னைச் சோம்பேறி என்று திட்டிக்கொண்டிருந்தாளாம். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. வெளியே வந்ததும் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். "போடி, நீ பாயாவது தர்றேன்னு சொன்னே" என்றாள்.

டாக்டர் மாத்திரையை மாற்றினார். சோற்றைப் பாதியாக்கு, காய்கறியை முதலில் சாப்பிடு, சாப்பிட்டதும் கால் மணி நேரம் நட, தலை கிறங்கினால் கத்தியைத் தொடாதே என்றார். அக்கா ஒன்றையும் விடவில்லை. சர்க்கரை இறங்கும்வரை மதியக் கத்தி வேண்டாமென்று அவளே போய்ச் சொல்லிவிட்டு, காலையிலேயே மொத்தத்தையும் அறுத்துத் தள்ளினாள். விரலில் குத்திப் பார்க்கும் கருவியை வாங்கி இடுப்புப் பையில் வைத்துக்கொண்டாள்.

சாப்பிட்டுவிட்டு மேசையைச் சுற்றி நடக்க ஆரம்பித்ததும் மேனேஜருக்குப் பொறுக்கவில்லை. "இது என்ன பார்க்கா?"

"சாப்பாட்டு நேரம் என் நேரம் சார். உட்கார்ந்தா என்ன, நடந்தா என்ன?"

மறுநாளிலிருந்து நானும் கூட நடந்தேன். என்னையும் சேர்த்து முறைக்கட்டுமே!

மாசக் கடைசி. மதியம் இரண்டேகால், அவள் வழக்கமாகச் சாய்கிற நேரம். அதைப் பார்த்துத்தான் மேனேஜர் அந்தக் காகிதத்தோடு வந்தார். அக்கா அவர் கண்முன்னால் விரலைக் குத்தினாள். நூற்று அறுபத்தாறு. கருவியை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். பிறகு அட்டையை வைத்துக் கோடு போட்டாள், திருப்பி வைத்துக் கோடு போட்டாள், கத்தியை ஓடவிட்டாள். அவள் கண் கோட்டைவிட்டு நகரவில்லை. அறுத்து முடித்து, மேல் துண்டு இரண்டையும் அவர் கையில் கொடுத்தாள். ஒன்று வலது, ஒன்று இடது.

"இன்னிக்குச் சரி" என்றார் அவர். "நாளைக்கு?"

"நாளைக்கும் குத்திப் பார்ப்பேன். ஏறியிருந்தா நானே கத்தியை அணைச்சுட்டு வந்து சொல்வேன். சுகர் ஏறியிருக்குன்னுதான் சொல்வேன், தூக்கம்னு சொல்லமாட்டேன். நீங்களும் சொல்லக்கூடாது." இடுப்புப் பையிலிருந்து அவளும் ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். அவள் கையெழுத்திலேயே எழுதியிருந்தது. கத்தி அவளிடமே இருக்கும், உடம்பு முடியாத நேரம் மட்டும் வேறு வேலை, முப்பது நிமிஷமாக இருந்த சாப்பாட்டு இடைவேளை இனிமேல் நாற்பது நிமிஷம். "உங்க காகிதத்துல நான் போடலை. என் காகிதத்துல நீங்க போடுங்க."

"உனக்குக் குடுத்தா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க!"

"எல்லாருக்கும்தான் எழுதியிருக்கேன் சார். இன்னொரு தடவை படிங்க."

அவர் படித்தார். தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. நாங்கள் எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். சட்டைப் பையில் பேனாவைத் தடவிப் பார்த்தார், இல்லை. அக்காவே எடுத்துக் கொடுத்தாள்.