நீருக்குள் எச்சில் பார்த்தவர்

அடி அண்ணாமலை ஊரிலுள்ள எங்கள் கிணற்றில் விழுந்த மோட்டாரை மீட்க, கடலில் முக்குளிக்கும் என் தம்பி காற்று உருளைகளுடன் இன்று வந்தான். நாளை அவனுக்குத் துணையாக இறங்கப்போகிறவர் என் கணவர்.

ஒருவரது காற்று தீர்ந்துவிட்டால், மற்றவரது வாய்க்குழாயை இருவரும் மாறி மாறிக் கடித்து மூச்சிழுக்க வேண்டுமாம். படியோர நீரில் இருவரும் மூழ்கிப் பயிற்சி செய்தனர்.

தம்பி குழாயை நீட்டினான். காப்பியையும் தூக்கிக் குடிக்கும் என் கணவர், அதை நீருக்குள்ளேயே துண்டால் துடைக்கலானார்! மூச்சு முட்டித் தத்தளித்தவரைத் தம்பி மேலே இழுத்தான்.

"என்ன மாமா, உசுரு போற நேரத்துல எச்சில் பாக்குறீங்க?"

"பழக்கம்டா, கை தானா போயிடுச்சு."

தம்பி தன் உருளையில் இன்னொரு வாய்க்குழாயை மாட்டினான். "இது உங்களுக்குன்னே தனியா, மாமா."

அவர் கேட்டார்: "கழுவுனியாடா?"

எச்சில் பார்க்காத ஆண்மகன் எவரேனும் உங்கள் இல்லத்தில் இருப்பின், நாளை என் கணவருக்குப் பதிலாக இறங்க, இந்த அறிவிப்பை ஒட்டியுள்ள படிப்பகப் பலகையில் இன்றே அவர் பெயரை எழுதிவிடுங்கள்.