கிரீம் சித்தியின் கை

என் கொழுந்தன் மனைவிக்கு என் பிள்ளைகள் வைத்த பெயர் கிரீம் சித்தி. பேக்கரியில் கேக்கின் மேல் கிரீமால் பூப் போடுகிற வேலை பார்த்தவள். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் செய்த எதையும் ஒருமுறை தொட்டுச் சரிசெய்யாமல் விடமாட்டாள். நான் மடித்த துணியைப் பிரித்து மடிப்பாள். நான் பின்னிய என் மகளின் சடையை அவிழ்த்துப் பின்னுவாள். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. அதுதான் எனக்குப் பொறுக்காது. "சின்னவ கை பட்டாலே தனி அழகு" என்று மாமியார் சொல்லும்போது, பாத்திரத்தைக் கொஞ்சம் ஓசையோடு கழுவுவேன்.

பேக்கரியை மூடிவிட்டார்கள். வேலை தேடி அலைந்து, கடைசியில் கைவேலை தெரிந்தவள் என்று நூலகத்து மாடியில் பெரியவர்களுக்குக் களிமண் வேலை சொல்லிக்கொடுக்கும் வாய்ப்பு கிடைத்தது. ஆனால் அங்கே வகுப்புகளைப் பார்த்துக்கொள்ளும் மேனேஜர் ஒரு நிபந்தனை போட்டார். முதல் வகுப்பு முடிந்ததும், மறுவாரமும் வருவதாகப் பாதிப் பேராவது கை தூக்க வேண்டும். இல்லாவிட்டால் அன்றோடு சரி. கிரீம் சித்திக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"அக்கா, நீங்களும் வந்து உக்காருங்க. தெரிஞ்ச முகம் ஒண்ணு இருந்தா எனக்குக் கை நடுங்காது."

"எனக்கென்னடி தெரியும் அதெல்லாம்?"

"தெரியாதவங்களுக்குத்தானே கிளாஸே!"

ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அவள் முன்னால் நிற்க, நான் பெஞ்சில் உட்காருவது எனக்கு எப்படி இருக்கும் என்று அவள் யோசித்திருக்கமாட்டாள். ஆனாலும் போனேன். அவள் திணறுவதைப் பார்க்கவேண்டும் என்றிருந்தது.

நீள மேசை. மேலே பழைய செய்தித்தாள், ஆளுக்கொரு களிமண் உருண்டை, ஈரத்துணி. நான் கதவோரத்து இடத்தைப் பிடித்துக்கொண்டேன். பஸ் டிரைவர் ஒருவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நர்ஸம்மா, மருந்துக்கடைக்காரர், இன்னும் சிலர் இருந்தார்கள்.

கிரீம் சித்தி "வணக்கம்" என்றாள். அடுத்து என்ன சொல்வதென்று தெரியாமல் மறுபடியும் "வணக்கம்" என்றாள். என் மனசு குளிர்ந்தது. ஆனால் மண்ணைக் கையில் எடுத்ததும் குரல் தெளிந்துவிட்டது.

"நடுவில கட்டைவிரலை விட்டு, சுத்திக்கிட்டே அமுக்குங்க. கிண்ணம் தானா வரும்."

"தானா வர்ற யோகம் எனக்கு டிரைவிங் லைசென்ஸுலகூட இல்லை, டீச்சர்" என்றார் டிரைவர். எல்லோரும் சிரித்தார்கள். டீச்சராம். எனக்கு வயிறு எரிந்தது.

அப்புறம்தான் பழைய வேலை அவள் கையைப் பிடித்துக்கொண்டது. கோணலான கேக் பேக்கரி வாசலைத் தாண்டக்கூடாது. டிரைவரின் கிண்ணம் சாய்ந்திருந்தது. வாங்கி, சுற்றி, விளிம்பை வழித்து, நிமிர்த்திக் கொடுத்தாள். நர்ஸம்மாவின் கிண்ணத்தில் ஒரு விரிசல். அதையும் வாங்கினாள். ஒவ்வொருவரிடமாகப் போனாள். கொஞ்ச நேரத்தில் மேசை முழுக்க ஒரே அச்சில் வார்த்ததுபோலக் கிண்ணங்கள். செய்ய வந்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மருந்துக்கடைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இதுக்குக் கடையிலேயே வாங்கிக்கலாமே" என்று நர்ஸம்மா முணுமுணுத்தார்.

அவளுக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. ஜாடை காட்டியிருந்தால் சுதாரித்திருப்பாள். நான் காட்டவில்லை. அவள் கை பட்டு ஒன்றே ஒன்றாவது கெட்டுப்போகட்டும்.

என்னிடம் வந்தாள். என் கிண்ணத்தின் விளிம்பு மேடும் பள்ளமுமாக இருந்தது. என் விரல் தடமெல்லாம் அப்படியே தெரிந்தது.

"குடுங்கக்கா, ஒரே நிமிஷம்."

"தொடாதே!"

அந்தக் குரல் எனக்கே புதிது. அறையே திரும்பிப் பார்த்தது. முகம் சுட்டது. ஆனாலும் நிறுத்த முடியவில்லை. "கோணலா இருந்தா இருந்துட்டுப் போகுது. இது நான் செஞ்சது. எல்லாத்தையும் நீயே செய்யணும்னா நாங்க எதுக்கு வந்தோம்?"

அவள் கை அப்படியே நின்றது.

"அவங்க சொல்றது சரிதான் டீச்சர்" என்றார் டிரைவர். "என்னுது சாஞ்சிருந்தாலும் என்னை மாதிரியே இருந்துச்சு. இப்ப யாருதுன்னே தெரியலை."

அழப்போகிறாள் என்று காத்திருந்தேன். அவளோ தொண்டையைச் செருமிக்கொண்டாள். "தப்பு என்னோடதுதான். எல்லாத்தையும் அமுக்கி உருண்டையாக்குங்க, மறுபடி செய்வோம். நான் தொட்டா அக்கா என் கையில ஒண்ணு போடட்டும்."

கைகளை ஏப்ரன் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டாள். ஒருவர் கிண்ணத்தின் விளிம்பு கிழிந்தபோதும் வாயால்தான் சொன்னாள். பாக்கெட்டுக்குள் விரல்கள் நெளிந்ததை நான் மட்டும் பார்த்தேன். அறை கலகலவென்று ஆகிவிட்டது. நர்ஸம்மா தன் கிண்ணத்தைத் தூக்கித் தூக்கிக் காட்டினார்.

மேனேஜர் வந்து, "அடுத்த வாரம் யார் யார் வர்றீங்க?" என்று கேட்டபோது மண் அப்பிய கைகளெல்லாம் உயர்ந்தன. என் கை மடியிலேயே கிடந்தது. அது தேவைப்படவும் இல்லை.

வீட்டுக்குள் நுழைந்ததுமே மாமியாரிடம் சொன்னாள்: "கிளாஸைக் காப்பாத்துனதே அக்காதான், அத்தை. அவங்க சத்தம் போடலைன்னா இன்னைக்கே மூடியிருப்பாங்க."

மாமியார் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"எவ்வளவு பெரிய மனசு இவளுக்கு!"