கோயில் வாசல் டாக்ஸி சுமியே

"மேல பாக்காதீங்க. மொதல்ல கீழ பாருங்க" என்று அதட்டிக்கொண்டே பயணிகளுக்கு முன்னால் நடக்கிறார் சுமியே. டாக்ஸியைத் தோரண வாயிலுக்கு வெளியே நிறுத்தியாயிற்று, மீட்டரையும் அணைத்தாயிற்று. மற்ற ஓட்டுநர்கள் இந்நேரம் இருக்கையைச் சாய்த்துக் கண்ணயர்ந்திருப்பார்கள். சுமியேவுக்கு அது முடியாது. பயணிகளோடு தானும் படியேறியாக வேண்டும்.

கீழே பார்க்கச் சொல்வதற்குக் காரணம் வேர். எண்ணூறு வயதுத் தேவதாரு ஒன்றின் வேர், நடைபாதைக் கற்களைப் பாய்போலச் சுருட்டித் தூக்கியிருக்கிறது. "அண்ணாந்துக்கிட்டே வந்து தடுக்கி விழுந்தவங்க எத்தன பேரு தெரியுமா? டோக்கியோக்காரங்கதான் அதிகம்."

நிஷிவாக்கி சுமியேவுக்கு ஐம்பத்தேழு வயது. குள்ளமான உருவம். குரல் மட்டும் கோயில் மணிக்குப் போட்டி. மண்டபத்தின் கூரை விளிம்புக்குக் கீழே போய் நின்றுவிட்டால், அடுத்த ரயிலைப் பற்றி யாரும் அவரிடம் பேச முடியாது. அங்கே அலைகள், கொக்குகள், பேன் பார்க்கும் குரங்குகள் என்று நூற்றுப் பன்னிரண்டு மரச்சிற்பங்கள். நான்கு மூலைகளிலும் கூரையைச் சுமக்கும் குட்டிப் பூதங்கள்.

"மூணு பேரு பல்லக் கடிச்சிக்கிட்டுத் தாங்குறாங்க. இந்த நாலாமத்தவன் தோள் குடுக்கற மாதிரி நடிக்கிறான், பாருங்க. எங்க ஆபீஸ்லயும் ஒருத்தர் இருக்காரு."

அந்த ஒருத்தர் ஹாகா. சக ஓட்டுநர், சுமியேவைவிட ஐந்து வயது இளையவர். "எதுக்கு அக்கா இந்த அலைச்சல்? கோயில் என்ன உங்க புகுந்த வீட்டுச் சொத்தா?" என்று சீண்டுவார்.

"இல்லடா. நானே சம்பாதிச்சது."

சம்பாதித்த கதை இது. கல்யாணமாகித் துறைமுக ஊரிலிருந்து இந்த மலையடிவாரத்துக்கு வந்து, டாக்ஸி ஓட்டத் தொடங்கிய முதல் வாரம். கோயில் வாசல் மேல் செதுக்கியிருந்த பறவையைக் காட்டி, "இது என்ன?" என்று கேட்டார் ஒரு பயணி. "கோழியா இருக்கும்" என்றார் சுமியே. அது சொர்க்கத்துப் பறவையாம். ரயில் நிலையம் வரைக்கும் அந்த ஆள் சிரித்துக்கொண்டே வந்தார். மறுநாளே பழைய பொருள் கடையில் ஒரு தொலைநோக்கி வாங்கினார் சுமியே. வேலைக்குப் போகுமுன் காலையில் ஒரு சிற்பம் என்று, மழையிலும் பனியிலும் நின்று பார்த்தார், பூசாரியைத் துளைத்துத் துளைத்துக் கேட்டார். அதன்பிறகு அவரைப் பார்த்து யாரும் அப்படிச் சிரித்ததில்லை.

இரண்டு வருடங்களுக்கு முந்தைய மழைக்காலத்தில், அந்தத் தேவதாருவை வெட்டப்போவதாகக் கோயில் பலகையில் அறிவிப்பு ஒட்டினார்கள். சுத்தியலால் தட்டிப் பார்த்ததில் உள்ளே பொந்து விழுந்திருப்பது தெரிந்ததாம். மரம் நிற்பது மண்டபத்தை ஒட்டி. விழுந்தால் நூற்றுப் பன்னிரண்டும் சுள்ளிதான். முடிவெடுத்த கோயில் குழுவுக்குத் தலைவர் தொபாஷி. நாற்பது வருடமாக மர அறுவை மில் நடத்துகிறவர், நேர்மையானவர். மரத்தைப் பற்றி அவர் ஒன்று சொன்னால் ஊரில் மறுபேச்சு கிடையாது.

அடுத்த கூட்டத்துக்கு யாரும் அழைக்காமலே போனார் சுமியே. பயணிகளை மரத்தடியில் ஒரே இடத்தில் நிற்கவைத்துப் படமெடுத்துக் கொடுப்பது அவர் வழக்கம். எடுக்கும்போது தன் கைபேசியிலும் ஒன்று எடுத்துக்கொள்வார். பதினோரு வருடப் படங்களிலிருந்து முப்பதை அச்சடித்து, குழுவினர் முன்னால் வரிசையாகப் பரப்பினார்.

"ஆளுங்கள விடுங்க. பின்னால மரத்தப் பாருங்க. கூரை முனைக்கும் மரத்துக்கும் நடுவுல எவ்வளவு எடம் இருக்குன்னு பாருங்க. பதினோரு வருஷத்துல ஒரு விரல்கடை சாயல. உச்சியில எல அதிகமாத்தான் ஆயிருக்கு."

தொபாஷி படங்களைப் பொறுமையாகப் பார்த்தார். "நிஷிவாக்கி அம்மா, நீங்க டாக்ஸி ஓட்டுறவங்க. மரம் வேற விஷயம்."

"ஆமா தலைவரே, டாக்ஸிதான் ஓட்டுறேன். அதனாலதான் ஒரு நாளைக்கு அஞ்சு தடவ இந்த மரத்தப் பாக்குறேன். நீங்க வருஷத்துக்கு ரெண்டு தடவ, திருவிழாவுக்கு வர்றீங்க."

தொபாஷி படங்களை அடுக்கி ஓரமாக வைத்தார்.

"சரி, விழுந்து சிற்பமெல்லாம் போச்சுன்னா?"

"என் பேரச் சொல்லுங்க. நான் எங்கயும் ஓடிப்போயிட மாட்டேன்."

இன்னொரு முறை சோதிக்கலாம் என்று பூசாரி சமாதானம் செய்தார். தொலைவிலிருந்து மர வைத்தியர் ஒருவர் கருவியோடு வந்தார். பொந்து உண்மைதான், ஆனால் அதைச் சுற்றி உயிருள்ள மரம் ஒரு முழத்துக்கு மேல் இருந்தது. மூன்று பக்கமும் இரும்பு வடம் கட்டினால் நிற்கும் என்றார். கட்டினார்கள்.

போன செப்டம்பரில் பெரும்புயல். டாக்ஸிகள் ஓடவில்லை. வீட்டில் சுமியேவுக்குச் சோறு இறங்கவில்லை. "நீ கட்டிப்புடிச்சா காத்து நின்னுடுமா? சாப்பிடு" என்றார் கணவர். மரத்துக்காகப் பேசியாயிற்று, அந்தப் பேச்சுக்குச் சிற்பங்களைப் பணயம் வைத்ததும் தான்தானே என்ற எண்ணம் சுமியேவை அரித்தது. சாலையைத் திறந்த காலையில் முதலில் கிளம்பிய வண்டி அவருடையது.

நடைபாதையில் நான்கு இளம் மரங்கள் வேரோடு கிடந்தன. ஒரு குறையும் இல்லாதவை என்று நல்ல பெயர் எடுத்தவை. அவற்றைத் தாண்டித் தாண்டி ஓடினார் சுமியே. தேவதாரு நின்றுகொண்டிருந்தது. இடுப்புப் பருமனுள்ள கிளை ஒன்று மட்டும் முறிந்து, மண்டபத்துக்கும் கல்வேலிக்கும் நடுவிலிருந்த சந்தில் விழுந்திருந்தது. சுமியே மண்டபத்தைச் சுற்றிவந்து ஒன்று விடாமல் பார்த்தார். நூற்றுப் பன்னிரண்டும் இருந்தன. அப்புறம்தான் படியில் உட்கார்ந்தார்.

குப்பை வாரிக்கொண்டிருந்தவர்கள் கூடிவிட்டார்கள். "இனிமே இது அக்கா மரம்" என்றார் ஹாகா.

"மரம் சாமியோடது. பாத்துக்கிட்டது நானு" என்றார் சுமியே. நனைந்த கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

கைபேசி ஒலித்தது. ரயில் நிலையத்தில் பயணிகள் காத்திருக்கிறார்களாம். அவர் இறங்கி வண்டிக்கு வந்தபோது, முட்டிவரை சேறோடு குப்பை வாரிக்கொண்டிருந்த தொபாஷி பின்னாலேயே வந்தார். அங்கே டாக்ஸியில் பயணிகளின் பின்கதவை ஓட்டுநரே திறந்துவிடுவது வழக்கம். இருக்கையிலிருந்தே நெம்புகோலை இழுத்து, இருபத்திரண்டு வருடமாக ஊருக்கெல்லாம் கதவு திறந்துவிட்டவர் சுமியே. தொபாஷி கழுத்துத் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றிப்போனார். ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்தபடி தலை தாழ்த்தி நின்றார்.

சுமியே அவசரப்படவில்லை. முதுகை நிமிர்த்திக்கொண்டு, நிதானமாக ஏறி உட்கார்ந்தார்.