சுப்பு சாப்பிட்டானா?

தங்கம் அக்கா போய்விட்ட செய்தி எனக்கு வங்காளியில்தான் வந்தது. காளிகாட்டில் அவர் வீட்டுக்குக் கீழே குடியிருக்கும் பெண்மணி காலையில் போன் செய்து, "தங்கம்-தி ஆர் நேய்" என்றார். தங்கம் அக்கா இனி இல்லை என்று அர்த்தம். நான் செய்த முதல் காரியம் அந்த அம்மாளின் மேல் எரிந்து விழுந்ததுதான். முந்தாநாள்தான் அக்கா என்னிடம் முருங்கைக்கீரை கேட்டிருந்தார். கீரை கேட்ட மனுஷி எப்படிச் சாவார் என்று எனக்குக் கோபம். ஜாதவ்பூரிலிருந்து போய்ச் சேர்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. சந்தில் தண்ணீர் நின்றது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்துபோய்ப் பார்த்தால், அவர் கணவர் பொன்னையா அண்ணன் வாசலில் நின்றுகொண்டு, "மல்லிகா, ஒங்க அக்கா ஒரு வார்த்த சொல்லாமப் போயிட்டாளே" என்றார். நான் அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதேன்.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். நம் கல்கத்தாத் தமிழர்களின் பொங்கல் விழாக்களில் எல்லாம், இடுப்பில் யாரோ ஒரு பிள்ளையைச் சுமந்துகொண்டு பந்தி விசாரித்துக்கொண்டிருந்தவர் அவர்தான். "இது யார் பேரன்?" என்று புதிதாக மாற்றலாகி வந்தவர்கள் கேட்பார்கள். "நார்வேக்காரவிய பிள்ளை, பெல்ஜியத்துக்காரவிய பிள்ளை" என்று சாவகாசமாகப் பதில் சொல்லிவிட்டு, சாம்பார் வாளியோடு அடுத்த இலைக்குப் போய்விடுவார். கேட்டவர்கள் கறுப்புக் குழந்தையையும் அக்காவையும் மாறிமாறிப் பார்த்து விழிப்பார்கள்.

விஷயம் இதுதான். லேக் கார்டன்ஸ் பக்கம் ஒரு குழந்தைகள் இல்லத்தில் நான் அலுவலக வேலை பார்த்தேன். அங்கிருந்து வெளிநாட்டுக்குத் தத்துப் போகும் பிள்ளைகளுக்குக் காகிதங்கள் தயாராகப் பல மாதம் ஆகும். அதுவரை கைக்குழந்தையைத் தொட்டிலிலேயே போட்டு வைக்காமல், ஒரு குடும்பத்தில் கொடுத்து வளர்க்கச் சொல்வது எங்கள் வழக்கம். பொன்னையா அண்ணனுக்குத் துறைமுகத்தில் வேலை. பெண்கள் இருவரையும் திருநெல்வேலிப் பக்கமே கட்டிக்கொடுத்தாகிவிட்டது. அக்கா தாமாகவே வந்து கேட்டார். எங்கள் இல்லத்தின் தலைவியை எல்லோரும் பொரோ-தி, அதாவது பெரியக்கா என்று கூப்பிடுவோம். அவர் ஒரு நிபந்தனை போட்டார்: பிள்ளை உங்களை அம்மா என்று கூப்பிடக் கூடாது, பிறகு பிரிவது கஷ்டம். "அதுக்கென்ன, நான் அத்தை. அம்மாங்கிறது அங்கன காத்துக்கிட்டு இருக்காளே, அவளுக்கு" என்றார் அக்கா. அன்றே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

அப்படிப் பல பிள்ளைகள் அவர் மடியிலிருந்து விமானம் ஏறினார்கள். ஒவ்வொரு முறையும் விமான நிலையத்தில் சிரித்தபடி கையாட்டிவிட்டு, டாக்ஸியில் ஏறியதும் முந்தானையை வாயில் அடைத்துக்கொள்வார். ஒரு வாரம் சரியாகச் சாப்பிட மாட்டார். அடுத்த பிள்ளை வந்துவிடும்.

தொண்ணூறுகளின் கடைசியில் வந்தவன் ஷுபோ. பிறந்து சில வாரமே ஆன பிள்ளை, நல்ல கறுப்பு, ஒரு கண் மாறுகண். உள்நாட்டில் பிள்ளைக்குக் காத்திருந்தவர்கள் வந்து பார்த்தார்கள், முகத்தைப் பார்த்தார்கள், யோசித்துச் சொல்கிறோம் என்று போனார்கள். அக்கா அவனைச் சுப்பு ஆக்கினார். அவன் புகைப்படத்தை மட்டும் பார்த்துவிட்டு, இவன் எங்கள் பிள்ளை என்று எழுதியவர்கள் நார்வேயிலிருந்து இங்ரிட்டும் லார்ஸும். அவள் பள்ளி ஆசிரியை, அவர் தச்சர். நான்கைந்து மாதத்தில் முடிந்துவிடும் என்று பொரோ-தி அவர்களுக்குப் பதில் எழுதச் சொன்னார். நானும் அப்படியே தட்டச்சு செய்து அனுப்பினேன்.

இங்ரிட்டும் லார்ஸும் சேர்ந்து நிற்கும் படத்தை அக்கா சமையலறையில், டப்பாக்களுக்கு நடுவே, சுப்புவின் கண் உயரத்துக்கு ஒட்டியிருந்தார். காலையில் இட்லி ஊட்டும்போது, "அம்மாக்கு ஒரு வாய்" என்பார். அவன் தவழ்ந்துபோய் இங்ரிட்டின் வாயில் இட்லியை அப்புவான். நான் எப்போது போனாலும் அந்தப் படத்தில் சட்னி காய்ந்திருக்கும். "மாமியார் வீட்டு விருந்து கெட்டுது போங்க, இந்தப் பொம்பளைக்கு நாலு வேளையும் ஊட்டு நடக்குது" என்று பொன்னையா அண்ணன் கேலி செய்வார்.

நாலைந்து மாதம் போனது. பிறகு அவன் நடந்தான். பிறகு பேசினான். காகிதம் மட்டும் நகரவில்லை. டெல்லியிலிருந்து ஆட்சேபணை இல்லை என்று ஒரு கடிதம் வர வேண்டும். அது வந்தால்தான் அலிப்பூர் கோர்ட்டில் மனு, மனு முடிந்தால்தான் பாஸ்போர்ட். டெல்லிக்குப் போன் செய்தால் அதிகாரி மாறிவிட்டார் என்பார்கள். புது அதிகாரி வந்தால் புது விதி. உள்நாட்டுத் தம்பதிகளிடம் மறுபடி ஒரு சுற்றுக் காட்ட வேண்டும் என்றார்கள். காட்டினோம், மறுபடியும் யாரும் வரவில்லை. அதற்குள் நார்வேயிலிருந்து வந்த குடும்ப அறிக்கை பழசாகிவிட்டது, புதிதாக வாங்கு என்றார்கள். வாங்கினோம். பூஜை விடுமுறை வந்தது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று உங்களுக்கே தெரியும். போனில் நான் கத்தாத கத்தல் இல்லை. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, "பைய பேசுட்டி, அவன் கோவிச்சுக்கிட்டு நம்ம காயிதக் கட்டை அடியில போட்டுறப் போறான்" என்று என் கையைப் பிடிப்பார்.

அவனுக்கு இரண்டு வயது ஆனபோது, இனியும் பொறுக்க முடியாமல் அவர்களே பார்க்க வந்துவிட்டார்கள். அழைத்துப்போக அல்ல, பார்த்துவிட்டுத் திரும்பத்தான். அந்தச் சாயங்காலம் எனக்கு இன்னும் அப்படியே இருக்கிறது. இங்ரிட் செருப்பைக் கழற்றிவிட்டு, தரையில் மண்டியிட்டு, "துமி கேமொன் ஆச்சோ, ஷோனா?" என்றாள். எப்படி இருக்கிறாய் கண்ணே, என்று சுத்தமான வங்காளி. பிள்ளை கல்கத்தாக்காரன் ஆயிற்றே என்று, அவர்கள் ஊரில் படிக்க வந்திருந்த வங்காளிப் பெண்ணைப் பிடித்து, காத்திருந்த காலமெல்லாம் இருவரும் வங்காளி கற்றிருக்கிறார்கள். சுப்பு அவளை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு திரும்பி, "அத்தை, அம்மா என்ன சொல்லுதாவ?" என்று கேட்டான்.

எங்களில் ஒருவருக்குக்கூட, பிள்ளை தமிழ் வீட்டில் வளர்கிறான் என்று அவர்களுக்கு எழுதத் தோன்றவில்லை. நாலைந்து மாதப் பிள்ளைக்குப் பாஷை எதற்கு என்று இருந்துவிட்டோம். அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "அட பாவத்த! இந்தப் பிள்ளைக்கு வங்காளியில 'மாச்' தவிர ஒண்ணும் தெரியாதே!" மீன் என்ற சொல் காதில் விழுந்ததும் சுப்பு சமையலறையைப் பார்த்தான். முதலில் சிரித்தது லார்ஸ்தான். பிறகு எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடிக்கும்போது இங்ரிட் அழுதுகொண்டிருந்தாள். ஆனால் அவன் அவளை அம்மா என்றான் என்று நான் ஆங்கிலத்தில் சொன்னதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அக்காவிடம், "எனக்கு உங்கள் பாஷை சொல்லிக்கொடுங்கள்" என்றாள். அக்கா கொடுத்த முதல் பாடம்: "சுப்பு சாப்பிட்டானா?" ஏன் இதை என்று கேட்டேன். "பெத்தவளோ வளக்கவளோ, ஒரு தாய்க்காரி கேக்க வேண்டியது இது ஒண்ணுதானட்டி. மத்ததெல்லாம் பொறவு தன்னால வரும்."

அவர்கள் திரும்பிப் போன பிறகு ஞாயிற்றுக்கிழமை மாலைதோறும் போன் வரும். மொழிபெயர்க்க நானும் போவேன். "சுப்பு சாப்பிட்டானா?" என்றுதான் இங்ரிட் தொடங்குவாள். "சாப்பிட்டாம்மா" என்பார் அக்கா. பிறகு தோசை, சட்டை, மழை, காய்ச்சல் என்று ஒவ்வொரு சொல்லாக ஏறியது. நார்வேயில் ஒரு வெள்ளைக்காரி "அங்கன மழையா அக்கா?" என்று திருநெல்வேலியைப் பேசினாள். அந்த வருஷம் சுப்புவின் கண்ணுக்கு ஆபரேஷன் ஆயிற்று. பார்வை நேரானது. இனித் தடையில்லை, அடுத்த குளிருக்குள் போய்விடுவான் என்று அக்கா சிவப்புக் கம்பளியில் ஸ்வெட்டர் பின்னத் தொடங்கினார்.

அப்போதுதான் புது விதி வந்தது. கணவன் மனைவி இருவர் வயதையும் கூட்டினால் ஒரு வரம்பைத் தாண்டக் கூடாதாம். பிள்ளை கேட்டு எழுதிய நாளில் இங்ரிட்டும் லார்ஸும் வரம்புக்குள் இருந்தார்கள். இப்போது தாண்டியிருந்தார்கள். நாங்கள் காக்கவைத்தோம், காத்திருந்ததில் அவர்களுக்கு வயதானது, வயதானதால் தகுதி போயிற்று. இதைப் படித்துச் சொன்னபோது அக்கா முதலில் புரிந்துகொள்ளவே இல்லை. "வயசு கூடுனது அவிய குத்தமா? இவியதான இழுத்தடிச்சாவ?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

மாநில அலுவலகத்துக்கு நானும் அக்காவும் போனோம். அதிகாரி கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார், எல்லாவற்றையும் படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஆமி கீ கொர்போ, தீதி?" என்றார். நான் என்ன செய்வேன், அக்கா. வழக்கமாகச் சண்டைக்கு நிற்கும் என் வாய் அன்று ஒட்டிக்கொண்டது. அந்த அதிகாரி ஒரு ராட்சசனாக இருந்திருந்தால் திட்டியாவது தீர்த்திருப்பேன். அக்கா மட்டும் எழுந்து நின்று, தனக்குத் தெரிந்த ஓட்டை வங்காளியில், "பிள்ளை தெனமும் அந்த அம்மாக்கு இட்லி கொடுக்கான் சார்" என்று சொன்னார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். டீயைக் குடிக்காமல் வந்தோம்.

அந்த ஞாயிறு நான்தான் இங்ரிட்டிடம் சொன்னேன், ஆங்கிலத்தில். அவள் மெல்ல, தமிழில், "சுப்பு சாப்பிட்டானா?" என்று கேட்டாள். அக்கா என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, "சாப்பிட்டாம்மா, சாப்பிட்டான்" என்று சொல்லிவிட்டு உடைந்து அழுதார். ரிசீவரை வைக்க இருவருக்கும் மனமில்லை. அழுகை இங்கும் அங்குமாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

கண் நேரான பிள்ளைக்கு இப்போது உள்நாட்டில் ஆள் கிடைத்தது. எந்த ஊர் என்று எங்களிடம் சொல்லக் கூடாது என்பது விதி. நல்ல மாதிரியான தம்பதி, அதையும் சொல்லத்தான் வேண்டும். அந்தப் பெண் சுப்புவைப் பார்த்ததும் கைகூப்பினாள். அவனை அழைத்துப்போக வந்த காலையில் அவன் சமையலறைப் படத்தின் முன்னால் நின்றுகொண்டு, "இதுதான் அம்மா, அது இல்ல" என்று நகர மறுத்தான். அக்கா அவன் பக்கத்தில் உட்கார்ந்து படத்தைக் காட்டினார். "மக்கா, இவிய பெரியம்மா. அம்மாவுக்கு மூத்தவிய. இவியதான் ஒனக்கு அம்மாவ அனுப்பி வச்சிருக்காவ" என்றார். அவன் யோசித்தான். அத்தை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிற வயது. சிவப்பு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, "போயிட்டு வாரேன் பெரியம்மா" என்று படத்திடம் சொல்லிவிட்டுப் போனான். அதற்குப் பிறகு அக்கா எந்தப் பிள்ளையையும் வளர்க்க வாங்கவில்லை. பொரோ-தி நேரில் வந்து கேட்டும் முடியாது என்றுவிட்டார்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை போன் நிற்கவில்லை. வருஷக்கணக்காக, போன வாரம் வரைக்கும் வந்தது. பெரியம்மா என்ற சொல்லை அக்கா அவளுக்கு விளக்கிச் சொன்னார். அதன் பிறகு அவள், "பெரியம்மா பேசுதேன்" என்றுதான் தொடங்குவாள். அடுத்த வார்த்தை பழைய கேள்வி. அக்காவின் பதிலும் பழைய பதில். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. "எங்கே இருக்கிறான் என்றே தெரியாது, எதற்கு அக்கா இந்தப் பொய்?" என்று கேட்டேன். அவருக்கு அவ்வளவு கோபம் வந்து நான் பார்த்ததில்லை. "பொய் என்னட்டி பொய்? எங்கன இருந்தாலும் இந்நேரம் ஒரு வாய் சாப்பிட்டிருப்பாம்லா? சாப்பிடலன்னு ஒன் வாயால சொல்லுவியா?" என்றார்.

இந்த ஞாயிறு மாலை காளிகாட் வீட்டில்தான் இருந்தேன். பொன்னையா அண்ணன் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடியிருந்தார். சமையலறைச் சுவரில் படம் இன்னும் இருக்கிறது, நிறம் மங்கி, ஓரத்தில் மஞ்சளாய். போன் அடித்தது. அண்ணன் என்னைப் பார்த்தார். நான் எடுத்தேன். "பெரியம்மா பேசுதேன்" என்றது குரல். அக்கா இல்லை என்று தமிழிலேயே சொன்னேன். அவள் அழுதாள், நானும் அழுதேன். "இனி நான் யார்ட்ட தமிழ் பேசுவேன், மல்லிகா?" என்றாள். என்னிடம் பேசுங்கள் என்றேன். பிறகு அவள் அந்தப் பழைய கேள்வியைக் கேட்டாள்.

தங்கம் அக்கா எனக்கு நகை எதுவும் விட்டுவைக்கவில்லை, புடவை எதுவும் நான் கேட்கவில்லை. அவரிடமிருந்து எனக்கென்று வந்தது இந்த ஒரு பதில்தான்.

"சாப்பிட்டாம்மா" என்றேன்.